வலிக்கழிவு

2046 ஜூன் 11 அன்று, நாமக்கல் பரமத்தி சாலையில் இருந்த ஒரு பல் மருத்துவ நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தின் வாசலில் அறிவிப்பு ஒன்று வைக்கப்பட்டது. சேர வரும் ஒவ்வொரு மாணவரும் தம்முடன் ஒரு வாயை அழைத்து வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

மிதுனா தன் அப்பாவை அழைத்துப் போனாள். சுதாகர் பல வருடங்கள் நெடுந்தூர லாரி ஓட்டியவர். தூக்கம் வராமலிருக்க ராத்திரியெல்லாம் பான்மசாலா மென்றவர். லாரிகள் தாமாகவே ஓட ஆரம்பித்த பிறகு, அவை வந்து நிற்கும் யார்டு ஒன்றில் அவற்றைக் கழுவிவிடும் வேலையில் இருந்தார். மையத்தின் இயக்குநர் மகேந்திரன் அவரை நாற்காலியில் சாய்த்து, கண்ணாடியை வாய்க்குள் விட்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான வாய்ங்க," என்றார். "கீழ்வரிசைக்குப் பின்னாடி காரை அப்பிக் கெடக்குது. இந்த மாதிரி வாய் இப்பல்லாம் கெடைக்கறதே இல்ல."

அது பாராட்டுத்தானா என்று சுதாகருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் சிரித்துவைத்தார்.

"போற எடத்துலெல்லாம் வாய மூடுன்னுதானுங்க சொல்லுவாங்க. நீங்கதான் தொறன்னு சொல்றீங்க."

அன்று சேர வந்த மற்ற பிள்ளைகளோடும் அம்மாவோ அத்தையோ சித்தப்பாவோ வந்திருந்தார்கள். அழைத்துவர ஆள் இல்லாதவர்களுக்கு மையமே வாடகை வாய் ஏற்பாடு செய்யும் என்றார் மகேந்திரன். பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, எத்தனையோ தடவை சொல்லிப் பழகியவரின் நிதானத்தோடு விளக்கினார்.

"ஓட்ட போடறது, அடைக்கறது, புடுங்கறது எல்லாத்தையும் மிசினே பண்ணிருது. மனுசன் கையவிட சுத்தமாப் பண்ணுது. ஆனா அதுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குதுங்க. எதுத்தாப்புல இருக்கறவங்களுக்கு எவ்வளவு வலிக்குதுங்கறது. அதுக்காகத்தான் பக்கத்துல ஒரு டாக்டர் தாடையில பட்டையக் கட்டிக்கிட்டு உக்காரணும்னு சட்டம் போட்டாங்க. நோயாளிக்கு எங்க வலிக்குதோ, டாக்டருக்கும் அங்கயே, அதே அளவுக்கு வலிக்கும். தாங்க முடியலன்னா மிசின நிறுத்தணும். இன்னிக்கு ஒரு பல் டாக்டருக்கு வேலைன்னா அதான்."

"வலி வாங்கறது," என்றார் பின்வரிசையிலிருந்து ஒரு தாய்.

"உணர்றதுன்னு சொல்லுங்கம்மா. நல்லா இருக்கும்."

தேர்வு இரண்டு பகுதி. முதல் பகுதி கணினியில். அதில் தேறியவர்களுக்குக் கைத்தேர்வு. உயிருள்ள ஒருவரின் கீழ்வரிசைப் பற்களில் படிந்த காரையை, கையில் பிடிக்கும் சுரண்டியால், பன்னிரண்டு நிமிடத்தில் எடுக்க வேண்டும். இருவர் தாடையிலும் பட்டை இருக்கும். எடுத்த காரைக்கு மதிப்பெண். கொடுத்த வலி அதிலிருந்து கழிக்கப்படும். அதற்கு வலிக்கழிவு என்று பெயர். மூன்று முறைக்கு மேல் யாரும் எழுத முடியாது.

மிதுனாவுக்கு இது மூன்றாவது முறை. முதல் வருடம் கணினியிலேயே போய்விட்டது. இரண்டாவது வருடம் கணினியில் நல்ல மதிப்பெண் வாங்கிக் கைத்தேர்வுக்குப் போனாள். சுரண்டியை வைத்து இழுத்ததும் அவளுடைய ஈற்றில் யாரோ கம்பியைச் செருகியது போல் இருந்தது. சுரண்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. திரும்ப எடுக்கவே இல்லை. வெளியே சுதாகர் காத்திருந்தார். பேருந்தில் வரும்போதுதான் சொன்னார்.

"எல்லாத்தையும் மிசின் எடுத்துக்கிச்சு கண்ணு. வலிக்கறது மட்டும் அதுக்கு வர மாட்டேங்குது. அந்த ஒண்ணுதான் நம்மகிட்ட மிச்சம். அதையும் உட்டுப்போட்டா எங்க போறது?"

மையத்தில் ஜூலையில் தொடங்கிய பயிற்சியின் முதல் நாளும் அப்படித்தான் போயிற்று. அப்பாவின் வாயில் சுரண்டியை வைத்தாள். அவருடைய வலி அவள் தாடைக்குள் வந்து இறங்கியது. முந்தின வருடம் வந்தது யாரோ ஒருவருடைய வலி. இது அப்பாவுடையது. அவள் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுதாகர் வெளியே நின்று தட்டினார்.

"பாப்பா, எனக்கு அவ்வளவாத் தெரியல. உனக்குத்தான் பட்டைல ஜாஸ்தியாக் காட்டுது போல."

"பொய் சொல்லாதீங்கப்பா. உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் எனக்கும். அப்படித்தான் அத பண்ணியிருக்காங்க."

"சரி, வலிக்குது. வலிச்சா என்ன, செத்தா போயிட்டேன்?"

வீட்டுக்குப் போய் அம்மாவிடம், தன்னால் முடியாது, திருப்பூரில் ஏதாவது வேலைக்குப் போகிறேன் என்று மிதுனா சொன்னாள். சுகந்தி கணவரைப் பார்த்தார். சுதாகர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வாரம் பாரு," என்றார். "கை பழகிரும்."

பழகியது. அடுத்த நாளே வலி பாதியாகக் குறைந்தது. வாரக் கடைசியில் ஒரு மெல்லிய கூச்சமாக மட்டும் மிஞ்சியது. மிதுனா தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டாள். விரல்களை எப்படிப் பிடித்தோம், மணிக்கட்டை எப்படித் திருப்பினோம் என்று யோசித்து யோசித்து அதையே திரும்பச் செய்தாள். மகேந்திரன் பக்கத்தில் வந்து நின்று வலியின் அளவைக் காட்டித் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்தார். கோடு அடியிலேயே படுத்துக் கிடந்தது.

"இதத்தான் கைராசிங்கறது," என்றார் மற்ற பிள்ளைகளிடம்.

சுதாகரின் வாயிலிருந்த பழைய காரை முழுக்கச் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு மையத்தில் செயற்கைக் காரை பூசினார்கள். வெள்ளைப் பசை போல இருக்கும். பல்லில் பட்டதும் சிமெண்டாக இறுகிவிடும். தினமும் மாலை அதைப் பூசுவதும், மிதுனா அதைச் சுரண்டி எடுப்பதும் வழக்கமாயிற்று. அவளுக்கு வேகம் கூடியது. ஒரே இழுப்பில் வேரோடு பெயர்ந்து வரும்படி அழுத்தி எடுக்கக் கற்றுக்கொண்டாள். கோடு எழும்பவில்லை. ரத்தம் வந்தது, எல்லா வாயிலும் வருவதுதான் என்றார்கள். மாதத் தேர்வில் அவள்தான் முதல். அவள் கை வேலை செய்வதைப் படம் எடுத்து, புதிதாக வரும் பெற்றோர்களுக்குப் போட்டுக் காட்டினார் மகேந்திரன்.

வீட்டில் சுதாகர் சோற்றைக் கரைத்துக் குடிக்க ஆரம்பித்திருந்தார்.

"எலும்பக் கடிச்சு உறிஞ்சற மனுசன், கறிக்கொழம்புல சாறு மட்டும் ஊத்துங்கறாரு," என்றார் சுகந்தி.

"வயசாகுதில்ல. கொழுப்பு ஆகாது."

"யாருக்கு, உங்களுக்கா?"

"உனக்குந்தான்."

இந்த மாதிரிப் பேச்சில் விஷயம் கரைந்துபோகும். மிதுனா புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், யார்டில் ஏதோ ஆய்வு என்று சுதாகரால் வர முடியவில்லை. மகேந்திரன் அன்றைக்கு மட்டும் கோகிலாவின் வாயில் செய்யச் சொன்னார். கோகிலா மையத்தின் வாடகை வாய்களில் ஒருவர், முட்டைப் பண்ணையில் வேலை பார்த்தவர், கலகலவென்று பேசுகிறவர். மிதுனாவைப் பார்த்ததும், "கைராசிக்காரியா? வா கண்ணு, இன்னிக்காச்சும் நிம்மதியாப் படுக்கறேன்," என்று சாய்ந்துகொண்டார்.

மிதுனா வழக்கம் போல் சுரண்டியை ஈற்றுக்கு அடியில் கொடுத்து, வழக்கம் போல் அழுத்தி இழுத்தாள்.

அவள் கண்ணுக்கு முன் எல்லாம் வெளுத்தது. கோகிலா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். இருவரும் ஒரே பக்கக் கன்னத்தைப் பொத்தியபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கண்ணு, பாறைய ஒடைக்கறியா?" என்றார் கோகிலா கடைசியில். கண்ணில் நீர் நின்றது.

"அக்கா, நான் எப்பவும் இப்படித்தான் பண்ணுவேன்."

கோகிலா அவளையே பார்த்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"எப்பவும் இப்படியா? உங்கப்பாவுக்கா?"

மிதுனா பட்டையைக் கழற்றினாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. உங்கப்பா உக்கார்றதுக்கு முன்னாடி எங்காவது போயிட்டு வருவாரா? பாத்ரூமு, அந்த மாதிரி?"

தினமும் போவார். லாரிக்காரன் மூத்திரப்பை பழுதான பை என்று அவரே கேலியாகச் சொல்லிக்கொண்டுதான் போவார்.

யார்டுக்கு மிதுனா போனபோது சுதாகர் ஒரு டேங்கர் லாரிக்கு அடியில் குழாயோடு குனிந்திருந்தார். ஓட்டுநர் இருக்கையே இல்லாத வண்டிகள் சத்தமில்லாமல் வந்து வரிசையில் நின்றன.

"வாயத் தொறங்க," என்றாள்.

"இங்கயா? சாப்பிட்டியா ஏதாச்சும்..."

"தொறங்கப்பா."

அவர் குழாயை மூடினார். வாயைத் திறந்தார். இத்தனை மாதமும் அவள் பற்களைத்தான் பார்த்திருந்தாள். பசை ஒட்டியிருக்கிறதா, போய்விட்டதா என்று. இப்போதுதான் ஈற்றைப் பார்த்தாள். கீழ்வரிசையில் அது பற்களைவிட்டுக் கழன்று, கீழே இறங்கியிருந்தது. வேர்கள் மஞ்சளாகத் தெரிந்தன. நடுவில் இருந்த இரண்டு பற்களை விரலால் தொட்டபோது அசைந்தன.

"என்ன தடவுனீங்க?"

"எத?"

"அப்பா."

சுதாகர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "மாட்டுக்குப் போடற மரப்பு மருந்து. கோழித்தீவனக் கடைல கெடைக்கும். மனுசங்களுக்கான மருந்துன்னா டாக்டர் சீட்டு கேப்பான். இதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பஞ்சுல நனைச்சு அழுத்திக்கிட்டாப் போதும், ஒரு மணி நேரம் ஒண்ணும் தெரியாது."

"முதல் வாரத்துலருந்தா?"

"நீ கதவ சாத்திக்கிட்டு அழுதியே, அதுக்கு மறுநாள்லருந்து." அவர் குரலில் குற்றம் செய்தவனின் தயக்கம் இல்லை. ஒரு வேலையைச் செய்து முடித்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். "நீ பயத்துலதான் கோட்ட விடறன்னு நெனச்சேன் பாப்பா. பயம் போயிட்டா கை தானா வந்துரும்னு. வண்டி ஓட்டப் பழகறவனுக்கு மொத நாள் காலி ரோட்டுலதானே குடுப்பாங்க?"

"அப்புறம் ரோட்டுல வண்டி வரும்ல? அந்த ரோட்ட என்னைக்குக் குடுக்கறதா இருந்தீங்க?"

"இன்னிக்கு நிறுத்திரலாம், நாளைக்கு நிறுத்திரலாம்னு பாத்தேன். நீ மொத மார்க்கு வாங்கிட்டு வருவ. எப்படி நிறுத்தறது?"

மிதுனா லாரியின் டயர் மேல் உட்கார்ந்தாள். எட்டு மாதமாக அவள் கற்றது முழுக்க, வலிக்காத ஒரு வாயைக் கிழிப்பது எப்படி என்பதுதான். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

மகேந்திரனிடம் சொன்னபோது அவர் அதிர்ச்சி அடையவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பெத்தவங்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ண முடியுமா சொல்லு? நம்பித்தான் உக்கார வைக்கறோம். ஆனா ஒண்ணு, பரிட்சைல அந்த ஏமாத்து வேல நடக்காது. அங்க உக்கார்ற ஒவ்வொரு ஆளுக்கும் காலைல ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. மரப்பு மருந்தோ மாத்திரையோ துளி இருந்தாலும் வெளியதான். அங்க வலிக்கற வாய்தான் இருக்கும். உன் இப்போதைய கையோட போனீன்னா கழிவுலயே மைனஸ்ல போயிருவ."

"என்ன சார் பண்றது?"

"மருந்து இல்லாம அவர உக்கார வெச்சுப் பழகு. வேற வாய் இப்ப என்கிட்ட காலி இல்ல."

அந்த ஆறு வாரமும் எப்படிப் போயிற்று என்று பிறகு வீட்டில் யாரும் பேசிக்கொண்டதில்லை. ஏற்கெனவே புண்ணாகிக் கிடந்த ஈறு. மருந்து இல்லாமல் தண்ணீர் பட்டாலே கூசியது. மிதுனா சுரண்டியைப் பக்கத்தில் கொண்டுபோகும்போதே சுதாகரின் கால்விரல்கள் மடங்கும். வலி வந்ததும் அவள் எழுந்து ஓடவில்லை. ஓட இனி வழி இல்லை. பல்லைக் கடித்தால் பட்டை நகர்ந்துவிடும் என்பதால் நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டு, எங்கே எத்தனை அழுத்தினால் எப்படி வலிக்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டே போனாள். நகத்தால் பூவிதழின் மேல் ஒட்டிய மணலை எடுப்பது போல எடுத்தால் தாங்கக்கூடியதாக இருந்தது. அப்படி எடுத்தால் பன்னிரண்டு நிமிடத்தில் பாதி வரிசைதான் முடிந்தது.

"வேகமா எடு," என்பார் சுதாகர், துப்பிவிட்டு.

"வலிக்கும்ப்பா."

"எனக்குத் தெரியாதா வலிக்கும்னு? எடுங்கறேன்."

வேகமாக எடுத்தால் கோடு ஏறியது. மெதுவாக எடுத்தால் காரை மிஞ்சியது. இரண்டுக்கும் நடுவில் தேறுகிற மதிப்பெண் எங்கேயோ இருந்தது. கடைசி வாரத்தில் அதற்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டாள். ஒரு நாள் தேறவும் தேறினாள். மறுநாள் மீண்டும் கீழே போனாள். சுதாகரின் நடுப்பல் ஒன்று சாப்பிடும்போது விழுந்தது. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஒரு பல்லு கம்மி, உனக்கு வேல மிச்சம்," என்றார். சுகந்தி எழுந்து உள்ளே போய்விட்டார்.

கணினித் தேர்வில் மிதுனா தேறினாள். கைத்தேர்வு மையம் கோவையில். பெரிய கூடம், வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் பச்சைத் திரை. உள்ளே வாயாக வந்திருந்தவர்களின் மணிக்கட்டில், ரத்தச் சோதனை முடிந்ததற்கான பட்டி கட்டியிருந்தது. மிதுனாவுக்குக் கிடைத்தவர் ஐம்பதைத் தொட்ட ஆள். இஸ்திரி போட்ட சட்டை. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

மணி அடித்தது. மிதுனா கடைசி ஆறு வாரத்தில் அப்பாவிடம் கற்ற மென்மையான கையோடு ஆரம்பித்தாள். அடிப்பக்கம் தொட்டும் தொடாமலும் ஓர் இழுப்பு. தாடையில் ஒன்றும் வரவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே. தன் கை இத்தனை மென்மையாகிவிட்டதா என்று ஒரு கணம் மனம் குளிர்ந்தது. கொஞ்சம் அழுத்தினாள். ஒன்றும் இல்லை. பட்டையின் விளக்கைப் பார்த்தாள், பச்சையாக எரிந்தது. சுரண்டியின் பின்முனையால் ஈற்றைக் குத்தினாற்போல் அழுத்தினாள். ஈறு வெளுத்தது. அவள் தாடையில் எதுவும் இல்லை. அந்த மனிதரின் கீழுதட்டின் ஓரத்திலிருந்து எச்சில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. தெரிந்ததாகவே காட்டவில்லை.

அவள் குனிந்து வாய்க்குள் பார்த்தாள். ஈறு கழன்று, வேர் மஞ்சளாகத் தெரிய, எட்டு மாதம் அவள் அப்பாவுக்குச் செய்தது போலவே இருந்தது. எட்டு மாதம் போல இல்லை. எத்தனையோ வருடம் போல.

சுரண்டியை வெளியே எடுத்தாள்.

"அண்ணா, மருந்து ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?" தணிந்த குரலில் கேட்டாள்.

"ரத்தம் பாத்துட்டுத்தானம்மா உக்கார வெச்சிருக்காங்க." அவரும் குரலைத் தாழ்த்தினார். வார்த்தைகள் உதட்டில் வழுக்கின. "மருந்தெல்லாம் இல்ல. கீழ்த்தாடை நரம்பையே வெட்டி விட்டாச்சு. ரெண்டு பக்கமும். அதுக்கு ரத்தத்துல என்ன தெரியும்?"

"யாரு வெட்டுனாங்க?"

"காசு குடுத்தா ஆளா இல்ல? என்னோட உக்கார்றவங்க முக்காவாசிப் பேரு பண்ணிக்கிட்டாங்க. ஒரு நாளைக்கு எத்தன பிள்ளைங்க வருதுன்னு பாரு. நரம்போட உக்காந்து பாத்தேன், ஒரே சீசன்ல பைத்தியம் புடிச்சிரும்னு ஆயிருச்சு. இப்பப் பரவால்ல. டீ குடிச்சா உதடு வெந்தது தெரியாது, அவ்வளவுதான்."

"உங்க ஈறு..."

"வீட்டுக்குப் போயிக் கண்ணாடி பாத்தாத்தான் தெரியும், எவ்வளவு பேத்திருக்காங்கன்னு. மெதுவாப் பண்ற பிள்ளைங்களும் உண்டு. நீ அந்தப் பக்கமாத்தான் ஆரம்பிச்ச. அது உன் இஷ்டம் பாப்பா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா கையத் தூக்கிச் சொல்லிப்போடாத. இதயும் எடுத்துட்டாங்கன்னா எனக்கு வேற எதும் தெரியாது."

சுவரில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் போய்விட்டிருந்தது. மெதுவாகச் செய்தால் மூன்றில் ஒரு பங்குகூட முடியாது. அப்படி முடியாமல் வெளியே போனால் நான்காவது முறை என்று ஒன்று கிடையாது. பழைய கையை எடுத்தால் முழு வரிசையும் முடியும். அவளைப் போல அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்தக் கூடத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். திரையில் கோடு எழும்பாது. யாரும் எதையும் கழிக்க மாட்டார்கள்.

மிதுனா கையைத் தூக்கினாள்.

நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். மேற்பார்வையாளர் அம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன? பட்டை வேலை செய்யலையா?" என்று கேட்டுக்கொண்டே தாமாகவே குனிந்து பார்த்தார். "பச்சைலதானே இருக்கு. அளவு பூஜ்யம் காட்டுது. நல்லாத்தான் பண்ணிட்டிருக்கீங்க. எதுக்குக் கை தூக்குனீங்க?"

மிதுனா அவரைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் முழுதாக வாயில் இருந்தது.

"பஞ்சு வேணும் மேடம்," என்றாள். "எச்சில் வழியுது."

பஞ்சு வந்தது. அவள் அந்த மனிதரின் தாடையையும் கழுத்தையும் துடைத்தாள். காதுக்குப் பின்னால் போயிருந்ததையும் துடைத்தாள். பஞ்சை மடித்துத் தட்டில் வைத்தாள். பிறகு சுரண்டியை முழுப் பிடியாகப் பிடித்து, இடது கடைசிப் பல்லின் ஈற்றுக்கு அடியில் ஆழமாகக் கொடுத்து, இழுத்தாள். காரை ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதோடு வேறு எதுவோ பெயர்ந்து வந்தது. உறிஞ்சுகுழாயில் சிவப்பு ஓடியது. அடுத்த பல்லுக்குப் போனாள். தன் தாடையில் ஏதாவது வருமா என்று கடைசிவரை காத்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டாள்.

"நல்ல வேகம்," என்றார் அந்த மனிதர், வாயைக் கொப்பளித்தபடி. துப்பியதைப் பார்க்கவில்லை.

வெளியே வேப்பமர நிழலில் சுதாகர் நின்றிருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். ஆனால் முகத்தைப் பார்த்துக் கேள்வியை மாற்றினார்.

"ரொம்ப வலிச்சுதா கண்ணு?"

"வலிக்கலப்பா."

அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு தகப்பனிடம், வலிக்கவே இல்லையாம் என்று சொன்னார். அவர், என் பையனுக்கும் அப்படித்தானாம் என்றார். இருவரும் கொஞ்ச நேரம் பிள்ளைகளின் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மிதுனா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மூன்றாம் வாரம் முடிவுகள் வெளியாயின. அந்த ஆண்டு கைத்தேர்வில் தேறியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு வலிக்கழிவு பூஜ்யம். முந்தைய எல்லா ஆண்டுகளையும்விட இது அதிகம் என்றும், மென்மையான கைகளைக் கொண்ட ஒரு தலைமுறை இத்துறைக்கு வருவதாகவும் தேர்வுக் குழு அறிக்கை வெளியிட்டது. மிதுனா மாநிலத்தில் நூற்றுப் பதினெட்டாவது இடம் பெற்றாள். ஆகஸ்டில் ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அவள் சேர்ந்தாள்.